பினாங்கில் எட்டரை மணி நேரம்: ஒரு கரைநாளின் நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் நான்கு நாள் உல்லாசக் கப்பல். ஒரு நாள் பினாங்கு, அடுத்த நாள் புக்கெட். பள்ளி விடுமுறை, நவம்பர் கடைசி வாரம். நாங்கள் ஏழு பேர்: அப்பாவுக்கு வயது 76, அம்மாவுக்கு 71, தம்பி, அவன் மனைவி, 12 வயதிலும் 8 வயதிலும் அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், அப்புறம் நான். திட்டம் போடும் பொறுப்பு என்னுடையது. பினாங்கில் அன்று நடந்ததை மணிவாரியாகக் குறித்து வைத்திருந்தேன். ஒரு பாதி நன்றாக நடந்தது. இன்னொரு பாதியில் நாலு பேர் கப்பலைத் தவறவிடும் அளவுக்குப் போனார்கள். இரண்டும் ஒரே திட்டத்திலிருந்து வந்தவை என்பதால்தான் முழுசாக எழுதத் தோன்றியது.

முதலில் அப்பாவைப் பற்றி. அவர் 1958இல், பத்து வயதில், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். சென்னையிலிருந்து நாகை வந்து ஆளேற்றிக்கொண்டு, பினாங்கு, கிள்ளான் வழியாக சிங்கப்பூர் போகும் கப்பல் அது. 1926இல் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம் வரை ஓடியது. இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். நாகையில் கப்பல் கரையோரம் வராது. படகில் போய்த்தான் ஏற வேண்டும். ஏறக்குறைய ஒரு வாரம் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தார்கள். பினாங்கில் கப்பல் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள். சிங்கப்பூர் போகிறவர்கள் இறங்கவில்லை. இரவில் மலைமேல் விளக்குகள் தெரிந்தனவாம். அதற்குப் பிறகு அறுபத்தாறு வருடம் சிங்கப்பூரில் இருந்தும் அப்பா பினாங்கு மண்ணை மிதித்ததே இல்லை. வேலை, கடன், பிள்ளைகள் படிப்பு என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்துகொண்டே இருந்தது.

ஆக, அந்த நாளுக்கு ஒரு காரணம் இருந்தது. அதை நான் கடைசியில்தான் கவனித்தேன்.

முதல் திட்டம்

என் முதல் பட்டியலில் எட்டு இடங்கள் இருந்தன. கெக் லோக் சி புத்தர் கோயில், பினாங்கு மலை ரயில், தண்ணீர்மலை முருகன் கோயில், கூ கொங்சி சீனக் குலக்கோயில், ஆர்மீனியன் தெருச் சுவர் ஓவியங்கள், குட்டி இந்தியா, கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் சியூ படகுத்துறை வீடுகள், கடைசியாக செண்டோல் என்னும் குளிர் இனிப்பு. பினாங்கு போனவர்கள் சொல்லும் பட்டியல்தான். ஒவ்வொன்றும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் கெக் லோக் சியும் மலை ரயிலும் ஆயர் ஈத்தாம் பக்கம், துறைமுகத்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. தண்ணீர்மலையில் 513 படிகள். அப்பாவின் வலது முழங்காலுக்கு இருபது படியே அதிகம்.

கப்பல் காலை 10:00 மணிக்குக் கட்டும், மாலை 6:30க்குள் எல்லாரும் உள்ளே வந்துவிட வேண்டும், 7:00 மணிக்குப் புறப்படும். எட்டரை மணி நேரம் என்று நாங்கள் எல்லாரும் பேசிக்கொண்டோம். உண்மையில் கையில் இருந்தது அவ்வளவு இல்லை. இறங்குவதற்கு லிஃப்ட் வாசலில் காத்திருப்பது, சோதனை, முனையத்தைக் கடப்பது என்று ஆரம்பத்தில் ஒரு மணி நேரம் போகும். கடைசியில் ஒரு மணி நேரத்தைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். சொந்தமாகச் சுற்றப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. கப்பலே ஏற்பாடு செய்த பேருந்து தாமதமானால் பொதுவாகக் காத்திருப்பார்கள், ஆனால் நமக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆக ஆறரை மணி நேரம். அதிலும் 12 முதல் 3 வரை வெயில் 31, 32 டிகிரியில் புழுங்கும் நேரம். நவம்பரில் பிற்பகல் மழையும் உண்டு. கோயில்கள் உச்சிவேளையில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும்.

இதையெல்லாம் எழுதிப் பார்த்ததும் எட்டு இடங்கள் நாலாகக் குறைந்தன. அப்போதும் ஒரு விஷயம் என் கண்ணில் படவில்லை. பினாங்கின் பெரிய வசதி எந்தச் சுற்றுலா இடத்திலும் இல்லை. கப்பல் கட்டும் இடமே அந்த வசதி.

சுவெட்டன்ஹாம் துறை ஊரின் நடுவிலேயே இருக்கிறது. முனையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே விக்டோரியா மகாராணியின் மணிக்கூண்டு. அவர் அரியணை ஏறி 60 ஆண்டு நிறைந்த 1897ஆம் ஆண்டின் நினைவாக, ஆண்டுக்கு ஓர் அடி என்று 60 அடி உயரத்தில் எழுப்பியது. போர்க்காலக் குண்டுவீச்சில் லேசாகச் சாய்ந்தது, இன்றும் சாய்ந்தே நிற்கிறது. அதையொட்டி 1786இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் கரையிறங்கிய இடத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் குட்டி இந்தியா. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பழைய ஜார்ஜ் டவுன் முழுவதும் இப்படி நடக்கும் தூரத்தில்தான். பல துறைமுகங்களில் கப்பலிலிருந்து ஊருக்குப் போகவே பேருந்தில் ஒரு மணி நேரம் ஆகும். சில ஊர்களில் கப்பல் நடுக்கடலில் நின்று, சின்னப் படகில் கரைக்குக் கொண்டுவிடுவார்கள். அதற்கு வரிசை, அலை என்று தனிக் கணக்கு. பினாங்கில் கப்பலே நம் தங்கும் விடுதி மாதிரி. நினைத்தால் மதியம் திரும்பி வந்து படுக்கலாம்.

இதை எனக்குக் காட்டியது அம்மாதான். "நடுவுல வந்து ஒரு மணி நேரம் காலை நீட்டிட்டுப் போனா அப்பா சாயங்காலமும் நடப்பாருல்ல?" என்று கேட்டார். கரைநாள் என்றால் ஒருமுறை இறங்கி ஒருமுறை ஏறுவது என்று என் மனதில் பதிந்திருந்தது. அதை யாரும் விதியாகப் போடவில்லை.

பிரிந்து போனது

தம்பிக்கு மலை ரயில் வேண்டும். பிள்ளைகளுக்கும் அதுதான். "அப்பா அந்த மலையத்தானே பார்க்கணும்னு சொல்வாரு, மேலயே கூட்டிட்டுப் போயிருவோம்க்கா" என்றான். அப்பாவிடம் நேராகக் கேட்டேன். "மலை கீழேருந்து தெரிஞ்சா போதும்மா. நாகூர் ஆண்டவருக்கு ஒரு ஊதுபத்தி ஏத்தணும், அவ்வளவுதான்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் சொன்னார். கப்பல் ஏறுவதற்கு முன் பாட்டி, கடல் தாண்டிப் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்று நாகூர் தர்காவில் வேண்டிக்கொண்டாராம். நாகைப் பக்கத்தில் கடல் ஏறுகிறவர்கள் எந்த மதமானாலும் அப்படி வேண்டிக்கொள்வது வழக்கம். அதே நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரில் பினாங்கிலும் ஒரு தர்கா இருக்கிறது, சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில், 1800களின் தொடக்கத்திலிருந்து. சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில் இருக்கும் நாகூர் தர்கா இப்போது மரபுடைமை நிலையமாகிவிட்டது. அங்கே அப்பா போயிருக்கிறார். ஆனால் கப்பல் முதலில் தொட்ட ஊர் பினாங்கு. நாகூரில் நேர்ந்துகொண்டதை அந்த ஊரிலேயே முடிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

எப்படியும் ஏழு பேர் ஒரு வண்டியில் ஏற முடியாது. ஆறு இருக்கை வண்டிதான் கிடைக்கும். இரண்டு வண்டி பிடித்து எல்லாரும் ஒரே இடத்துக்குப் போவதைவிட இரண்டு குழுவாகப் பிரிவதே சரி என்று முடிவு செய்தோம். தம்பி குடும்பம் மலைக்கு. அப்பா, அம்மா, நான் ஊருக்குள். ஒரு விதி மட்டும் போட்டேன்: மலையிலிருந்து மூன்று மணிக்குக் கிளம்பிவிட வேண்டும்.

அந்த விதிதான் தப்பாகப் போனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஊருக்குள் போனவர்கள்

10:50க்குத்தான் தரையில் கால் வைத்தோம். அன்று துறையில் இன்னொரு கப்பலும் கட்டியிருந்தது. துறைமுகத்தின் கப்பல் வரவுப் பட்டியலை முன்கூட்டியே பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். இரண்டு கப்பல் கூட்டம் ஒரே வாசலில் வந்தால் முதல் அரை மணி நேரம் வண்டி கிடைப்பது கடினம். நாங்கள் நடந்ததால் எங்களுக்கு அது பிரச்சினை ஆகவில்லை.

நடை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜார்ஜ் டவுனில் கடைவீடுகளின் முன்னால் அஞ்சடி என்னும் கூரையிட்ட நடைபாதை இருக்கும், நிழலாகவே போகலாம் என்று படித்திருந்தேன். நிழல் உண்மைதான். ஆனால் ஒவ்வொரு வீட்டு அஞ்சடியும் ஒவ்வோர் உயரம். இரண்டு வீட்டுக்கு ஒருமுறை ஒரு படி ஏறி ஒரு படி இறங்க வேண்டும். நடுவில் மோட்டார் சைக்கிள் நிற்கும், கடைச் சாமான் அடுக்கியிருக்கும். நல்ல காலுக்குப் பதினைந்து நிமிட வழி அப்பாவுக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆனது. முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் வரைபடம் காட்டும் நேரத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். அப்புறம், சாலையோரம் நடப்பதே சில இடங்களில் சுலபம்.

குவீன் தெரு மகா மாரியம்மன் கோயிலுக்கு 11:35க்குப் போனோம். 1833இல் எழுந்தது, பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். நடை சாத்துவதற்குள் தரிசனம் கிடைத்தது. இதற்காகத்தான் கோயிலை முதலில் வைத்தேன். வேறு எந்த இடத்தையும் மதியத்துக்குத் தள்ளலாம், கோயிலைத் தள்ள முடியாது. வெளியே பூக்கடையில் இருந்த பெண்மணி எங்களைப் பார்த்ததும் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். அந்தச் சொல் எங்கள் வீட்டில் பாட்டியோடு போய்விட்டது. அம்மா அங்கேயே பத்து நிமிடம் நின்று பேசிவிட்டார். திட்டத்தில் அந்தப் பத்து நிமிடத்துக்கு இடம் இருந்தது, ஏனென்றால் நாலு இடங்களை நீக்கியிருந்தோம்.

தர்கா வெள்ளையும் பச்சையுமாக, தெருமூலையில் சின்னதாக நிற்கிறது. சுவரையொட்டிச் சின்னச் சின்னக் கடைகள். அப்பா செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நானும் அம்மாவும் வாசலில் நின்றோம். ஐந்து நிமிடம் இருக்கும். வெளியே வந்து, "ஆச்சு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது.

சாப்பாடு அருகிலேயே. அப்பாவுக்கு நாசி கண்டார் வேண்டும் என்று ஆசை. தமிழ் முஸ்லிம்கள் ஒரு தடியின் இரு முனையிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் தோளில் தூக்கி வந்து, துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சாப்பாடு அது. அந்தத் தடிக்குத்தான் மலாயில் கண்டார் என்று பெயர். நாலைந்து குழம்பைக் கலந்து சோற்றின் மேல் ஊற்றுவார்கள், குழம்பு நிறைய வேண்டுமென்றால் 'பஞ்சிர்' என்று சொல்ல வேண்டும். வெள்ளம் என்று பொருள். அம்மா சைவம் என்பதால் அவருக்குப் பக்கத்துத் தெருவில் வாழையிலைச் சாப்பாடு. ஒரே கடையில் எல்லாருக்கும் சாப்பாடு தேடி அலையாமல், அடுத்தடுத்த தெருவில் இரண்டு கடையைப் பிடித்தது நேரத்தை மிச்சப்படுத்தியது.

1:50க்கு அப்பாவையும் அம்மாவையும் மூன்று சக்கர மிதிவண்டியில் ஏற்றினேன். பினாங்கு வண்டியில் ஆட்கள் முன்னால் உட்கார, ஓட்டுபவர் பின்னால் இருந்து மிதிப்பார். ஏறுவதற்கு முன்பே கட்டணம் பேசிக்கொள்வது முக்கியம். 2:15க்கு அப்பா அறையில் படுத்திருந்தார். 2:40க்கு மழை பிடித்தது. நாலு மணிக்கு அவரே எழுந்து, "போலாமா?" என்று கேட்டார். இரண்டாம் முறை இறங்கும்போது கூட்டமே இல்லை. ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். மழை விட்ட கடற்கரைத் திடலில், கோட்டைக்குப் பக்கத்தில், மெதுவாக நடந்தோம். தே தாரிக் என்னும் ஆற்றிய பால் தேநீர் ஒன்று வாங்கி மூன்று பேரும் பகிர்ந்துகொண்டோம். அந்த நாளில் ரஜூலா எந்த இடத்தில் நின்றிருக்கும் என்று அப்பா தேடிப் பார்த்தார். நினைவில் வரவில்லை. "தண்ணி மட்டும் அதே நெறம்" என்றார்.

மலைக்குப் போனவர்கள்

தம்பி சொன்னதையும் தொலைபேசியில் வந்த செய்திகளையும் வைத்து எழுதுகிறேன். வண்டி கிடைக்க இருபது நிமிடம். மலையடிவாரத்துக்கு 11:50. மேலே போகும் வரிசையில் ஐம்பது நிமிடம். விரைவு வரிசைக்குக் கூடுதல் கட்டணச் சீட்டு உண்டு, அவன் அதை எடுக்கவில்லை. ரயில் ஏறியதும் பத்து நிமிடத்துக்குள் மேலே. பிள்ளைகள் அந்தச் செங்குத்து ஏற்றத்தை இன்றுவரை பேசுகிறார்கள். மேலே கீழைவிடக் குளிர்ச்சி, ஊரும் கடலும் பாலமும் தெரிந்தன. அந்தக் காட்சிக்காக அவர்கள் போனதில் தப்பே இல்லை.

2:40க்கு மழை. மலைமேல் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் கீழே போக நினைத்தார்கள். தம்பி விதிப்படி மூன்று மணிக்குக் கிளம்பினான், அதாவது மூன்று மணிக்கு வரிசையில் போய் நின்றான். ரயில் ஏறியபோது 4:15.

அந்த ரயிலில் ஒரே கம்பிவடத்தின் இரு முனையிலும் இரண்டு பெட்டிகள். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். ஒரு தடவைக்கு ஏறக்குறைய நூறு பேர். காலை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தவர்கள் மழை வந்ததும் மொத்தமாக இறங்க நினைத்தால், அதே நூறு நூறாகத்தான் இறங்க முடியும். பெட்டியை வேகமாக்க முடியாது. நடந்து இறங்கச் சாலை ஒன்று உண்டு, தாவரவியல் பூங்கா பக்கம் போய்ச் சேரும். மழையில் எட்டு வயதுப் பிள்ளையோடு அதை யோசிக்கவே முடியாது.

அடிவாரத்தில் வண்டிக்கு மறுபடி இருபது நிமிடம். அதற்குள் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் வந்துவிட்டது. ஏழெட்டு கிலோமீட்டர் வர ஐம்பத்தைந்து நிமிடம். தம்பியின் தொலைபேசியில் நாலு விழுக்காடு மின்சாரம் மீதி. 5:10க்கு வந்த கடைசிச் செய்தி: "டிராஃபிக். வந்துடுவோம்." அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

அப்பாவும் அம்மாவும் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் வரவேற்பு மேசையில் போய் நாலு பேரின் பெயரைச் சொல்லி, வந்துகொண்டிருக்கிறார்கள் என்று தகவல் வைத்தேன். இதை எல்லாரும் செய்ய வேண்டும். கப்பல் காத்திருக்கும் என்பதற்காக அல்ல, யார் வெளியே இருக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிவது நல்லது என்பதற்காக. 5:50க்கு மணிக்கூண்டுப் பக்கம் தம்பியின் சிவப்புச் சட்டை தெரிந்தது. சின்னப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். 6:05க்கு உள்ளே வந்தார்கள். இருபத்தைந்து நிமிடம்தான் மிச்சம். அம்மா இரவு சாப்பிடவில்லை.

ஏழு மணிக்குக் கப்பல் நகர்ந்தபோது இருட்டிக்கொண்டு வந்தது. மேகம் விலகி மலைமேல் விளக்குகள் தெரிந்தன. அப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய பேரன் பக்கத்தில் நின்று, "நாங்க அங்கதான் தாத்தா இருந்தோம்" என்று காட்டினான்.

எங்கே தவறியது

"மூன்று மணிக்குக் கிளம்பு" என்று நான் சொன்னதில்தான் தவறு தொடங்கியது. கிளம்புவது என்ற சொல் ஆளுக்கு ஆள் வேறு. எனக்கு அது அடிவாரத்தில் வண்டி ஏறுவது. தம்பிக்கு அது மேலே வரிசையில் சேருவது. நடுவில் ஒன்றே கால் மணி நேரம். துறைமுகத்தில் இருக்க வேண்டிய நேரத்தைத்தான் விதியாக வைத்திருக்க வேண்டும். 5:15க்கு மணிக்கூண்டு என்று வைத்துப் பின்னோக்கி எண்ணினால், மாலைச் சாலைக்கு ஒரு மணி நேரம், வண்டிக்கு இருபது நிமிடம், இறங்கும் வரிசைக்கு ஒன்றரை மணி நேரம். 2:25க்கு அவர்கள் வரிசையில் நின்றிருக்க வேண்டும், மழைக்கு முன்பே.

இன்னொன்று, ஏறும் வரிசையைப் பற்றி நான் நிறையப் படித்தேன், இறங்கும் வரிசையை யோசிக்கவே இல்லை. ஏறும் வரிசை நீண்டால் "வேண்டாம், திரும்பிடுவோம்" என்று முடிவு செய்யலாம். இறங்கும் வரிசையில் அந்த வாய்ப்பு கிடையாது. மலை ரயில், தீவுப் படகு, கம்பிவடப் பெட்டி எதுவானாலும், திரும்ப ஒரே வழிதான் உள்ள இடமென்றால் அதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். அதைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

தொலைபேசி மின்சாரம் சின்ன விஷயம் போலத் தெரியும். வண்டி கூப்பிடுவது, வழி பார்ப்பது, செய்தி அனுப்புவது எல்லாம் அதில்தான். இப்போது குழுவுக்கு ஒரு மின்கலப் பொதி (பவர் பேங்க்) கட்டாயம். பாஸ்போர்ட் நகலும், கப்பலின் தினசரித் தாளில் அச்சிட்டிருக்கும் துறைமுக முகவர் எண்ணும் காகிதத்தில் எழுதி ஆளுக்கு ஒன்று.

மறுநாள் புக்கெட்டில் இதைவிட மோசமாகப் போயிருக்கலாம். சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரம், அதனால் பினாங்கில் கடிகாரக் குழப்பம் இல்லை. தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். எங்கள் கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது, ஆனால் கரையில் இறங்கியதும் தொலைபேசிகள் தாமாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டன. தொலைபேசியில் ஐந்தரை என்றால் கப்பலில் ஆறரை. அதனால் அன்று அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தைத்தான் எல்லாரும் பார்த்தோம்.

அடுத்த முறை பினாங்கு போனால் ஊருக்குள் போன பாதியை அப்படியே வைத்துக்கொள்வேன். ஒரே மாற்றம், காலையில் போகும்போதே அந்த மூன்று சக்கர வண்டியைப் பிடிப்பேன், அஞ்சடிப் படிகளில் அப்பாவின் காலை வீணாக்க மாட்டேன். மலைக்குப் போகிறவர்கள் கப்பலிலிருந்து முதல் ஆளாக இறங்கி, விரைவுச் சீட்டோடு, மதியத்துக்குள் கீழே வந்துவிட வேண்டும். பிற்பகலில் கூ கொங்சியும் சுவர் ஓவியங்களும். அவை நடக்கும் தூரத்தில் இருப்பதால் மழை வந்தாலும் திரும்பிவிடலாம். தண்ணீர்மலையை அம்மா விடுவதாக இல்லை. 513 படிகளைக் காலை எட்டு மணிக்குள் ஏறத் தொடங்க வேண்டும் என்றால், பகல் கப்பல் சரிப்படாது, ஓர் இரவாவது பினாங்கில் தங்க வேண்டும். தைப்பூசத்தை ஒட்டி அறை கிடைக்குமா என்று தம்பி இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறான்.